பட்டை உரித்த படலம்

உலகத்தில் ஒட்டுகிற காரியம் சுலபம். ஒட்டியதைப் பிரிக்கிற காரியம் கஷ்டம். தபால் தலையை உறையின்மீது ஒட்டுவதற்கு நாக்கின் நுனி போதும். அதே தலையைக் கிழியாமல் எடுத்துத் தரும்படி வீட்டுக் குழந்தை கேட்டால், ஒரு கிண்ணம் தண்ணீரும் அரை மணி நேரப் பொறுமையும் வேண்டியிருக்கிறது. புது எவர்சில்வர்ப் பாத்திரத்தில் கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டைச் சுரண்டப் போய் நகத்தை இழந்த அம்மணிமார் எத்தனையோ பேர்! இந்தப் பேருண்மையை முழு அளவில் அறிய விரும்புகிறவர்கள், வயதான மோட்டார் வண்டி ஒன்றின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பட்டையை, வண்டியின் வர்ணம் கெடாமல் எடுத்துப் பார்க்க வேண்டும். நாம் எடுத்துப் பார்த்தோம். அதில் தெரிந்துகொண்ட விஷயங்கள் நேயர்களில் சிலருக்காவது பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

முதலில் பட்டை என்பது என்ன என்று சொல்லிவிட வேண்டும். கதவுகளின் நடுவே வண்டியின் நீளத்துக்கு ஓடும் கறுப்புப் பிளாஸ்டிக் வரிக்குக் கடைத்தெருவில் 'பீடிங்' என்று பெயர். ஜன்னலுக்கு மேலே மழைச் சாரல் உள்ளே வராமல் தடுக்கும் வளைந்த தகட்டுக்கு 'வைஸர்' என்று பெயர். பின்பக்கத்தில் வெள்ளி எழுத்தில் மின்னும் பெயர்ப் பொறிப்பும் இந்தக் குலத்தைச் சேர்ந்ததுதான். அம்பாஸடர் காலத்து வண்டிகளில் இத்தகைய அலங்காரங்களைப் பெரும்பாலும் தகட்டில் துளையிட்டுக் கிளிப்பு மாட்டி நிறுத்துவார்கள். பின்னர் வந்த சிறு வண்டிகளில் இரு பக்கமும் பசையுள்ள நுரைப் பட்டியை வைத்து ஒட்டிவிடுகிற வழக்கம் பரவியது. துளை இல்லை, துருவுக்கு இடமில்லை, ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எடுக்கிற நாள் ஒன்று வரும் என்பதை மட்டும் அப்போது யாரும் நினைக்கவில்லை.

நம் வீட்டு வண்டி ஒரு வெள்ளை மாருதி 800. 1983-ஆம் வருஷக் கடைசியில் வெளிவரத் தொடங்கி 2014-ஆம் வருஷ ஆரம்பத்தில் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியைப் பற்றி நேயர்களுக்கு நாம் விஸ்தரிக்க வேண்டியதில்லை. நடுத்தரக் குடும்பங்களில் பாதிப்பேர் அதில்தான் முதன்முதலாகச் சொந்த மோட்டார் சவாரி செய்தார்கள். மீதிப்பேர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். நம்முடையதை 1998-ல் நம் தகப்பனார் வாங்கினார். வாங்கிய அன்றே அதை உபகரணக் கடைக்கு ஓட்டிச் சென்று, இரு பக்கத்துக்கும் பீடிங் ஒட்டச் செய்தார். திருவல்லிக்கேணித் தெருக்களின் அகலம் தெரிந்தவர்கள் அவருடைய முன்யோசனையை மெச்சுவார்கள். பக்கத்து வண்டிக்காரர் கதவைத் திறந்தால் நம் வண்டியின் வர்ணத்தில் இடிக்கக் கூடாது, பட்டையில்தான் இடிக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

வண்டி 2013-ல் தன் பதினைந்து வருஷப் பதிவுக் காலத்தை முடித்தது. பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பரீட்சை எழுதும் மாணவனைப்போல் 2018-லும் 2023-லும் பதிவைப் புதுப்பித்துக்கொண்டது. தகப்பனார் இதற்குள் காலமாகிவிட்டார். 2023-ல் பரிசோதனைக்கு வண்டியைச் சித்தம் செய்தபோதுதான், பீடிங்கின் நிலைமையைக் கிட்டத்தில் பார்த்தோம். வெயிலில் காய்ந்து வெளுத்து, நடு நடுவே வெடித்து, முன் நுனிகள் மட்டும் ஒட்டு விட்டு, கிழவரின் மீசையைப்போல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒட்டு விட்ட இடத்தில் விரலை நுழைத்துப் பார்த்தால் ஈர மண். மண்ணைத் துடைத்துப் பார்த்தால், கடுகு அளவில் மூன்று துருப் புள்ளிகள்!

காரணம் எளிதில் விளங்கக் கூடியது. பட்டை முழுதும் ஒட்டியிருக்கும்வரை அதன் அடியில் ஜலம் புகாது. ஒரு நுனி கிளம்பிவிட்டால் மழைத் தண்ணீரும் தெருப் புழுதியும் அந்தச் சந்தில் சேர்ந்து உலராமல் கிடக்கும். கடற்கரைக்கு அருகில் வசிக்கிறவர்களுக்குக் காற்றிலேயே உப்பு இலவசமாகக் கிடைக்கிறது. ஈரமும் உப்பும் கூடிவிட்டால் இரும்புத் தகட்டுக்கு வேறு சத்துரு வேண்டாம்.

"பட்டையை எடுத்துவிட வேண்டியதுதான்" என்றோம்.

நம் தாயார் கேட்டுக்கொண்டிருந்தார். "உன் அப்பா பார்த்துப் பார்த்து ஒட்டச் சொன்னது அல்லவா? அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே" என்றார்.

இதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர் பட்டைக்காகப் பேசவில்லை என்பது நமக்குத் தெரியும். ஆயினும் அந்தத் துருப் புள்ளிகளை அவருக்குக் காட்டினோம். "அம்மா, வண்டியின் வர்ணம் கெடக் கூடாது என்றுதானே அப்பா இதை ஒட்டினார்? இப்போது இதுவே அதைத் தின்கிறது, பார்" என்றோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "சரி, எடு. வண்டியில் ஒரு கீறல் விழக் கூடாது" என்று உத்தரவு பிறந்தது.

ஆகவே, காரியத்தின் நிபந்தனை தீர்ந்துவிட்டது. பட்டை போக வேண்டும். வர்ணம் இருக்க வேண்டும்.

*

பெரிய மனிதர்கள் எல்லாக் காரியத்துக்கும் நிபுணர்களிடம் போகச் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? நாமும் போனோம். பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். அங்கிருந்த இளைஞர் நம்மை ஒரு முறையும் வண்டியை ஒரு முறையும் பார்த்துவிட்டு, "இதற்கென்ன ஸார், ஒரு நிமிஷம்" என்று சொல்லி, ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை இடது பின் கதவின் பட்டைக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். வாக்குத் தவறாமல் ஒரு நிமிஷத்தில் பட்டை வந்துவிட்டது. அதோடு மாவிலை அளவுக்கு வர்ணமும் வந்துவிட்டது. தகடு வெளியே தெரிந்தது.

"பரவாயில்லை ஸார், முழு வண்டிக்கும் பெயிண்ட் அடித்துவிடலாம். புது வண்டி ஆகிவிடும்!" என்றார் பட்டறை முதலாளி. மற்ற மூன்று கதவுகளையும் அப்படியே விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டு வீடு திரும்பினோம்.

முழு வண்டிக்கும் வர்ணம் அடித்தால் புது வண்டி ஆகுமா? இதை நேயர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். தொழிற்சாலையில் வண்டிக்கு வர்ணம் பூசும்போது அதில் இருக்கையும் இல்லை, கண்ணாடியும் இல்லை, ரப்பரும் இல்லை. வெறும் இரும்புக் கூடுதான். அந்தக் கூட்டை முழுதும் ஒரு தொட்டியில் முக்கி, மின்சாரத்தைச் செலுத்தி, மூலை முடுக்கெல்லாம் துரு தடுக்கும் பூச்சைப் படியச் செய்கிறார்கள். பிறகு அடிப்பூச்சு, அதன்மேல் நிறப் பூச்சு. இடையிடையே பெரிய அடுப்புக்குள் அனுப்பி, 140 டிகிரி ஸெண்டிகிரேடுக்கு மேலும்கூடச் சூடேற்றிப் பூச்சுக்களைச் சுட்டெடுக்கிறார்கள். இருக்கையும் கம்பிகளும் ரப்பரும் பூட்டிய வண்டியை அப்படித் தொட்டியில் முக்கவோ அவ்வளவு சூட்டில் சுடவோ எந்தப் பட்டறையாலும் முடியாது. நல்ல பட்டறை அழகாகவே வர்ணம் அடிக்கும், நாம் மறுக்கவில்லை. ஆனால், முதல் வர்ணம் முதல் வர்ணந்தான். அது போனால் திரும்ப வராது.

இத்தனை அடுக்குகளும் சேர்ந்து எவ்வளவு கனம் என்கிறீர்கள்? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அல்லது அதற்குச் சற்று மேல். செய்தித்தாளின் இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தக் கனத்துக்கு மேலே ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்புவது, பூரணம் வெளிவராமல் கொழுக்கட்டையைக் கடப்பாரையால் எடுப்பதற்குச் சமானம்.

*

ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சத்துருவின் சுபாவத்தை முதலில் ஆராய்ந்தோம். இந்த நுரைப் பட்டியின் பசைக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. வேகமாக இழுத்தால் கல்லைப்போல் இறுகி எதிர்த்து நிற்கும். நிதானமாக இழுத்தால் பாகைப்போல் நீண்டு இணங்கிவிடும். குளிரில் முரடு, சூட்டில் சாது. வெல்லப் பாகு ஆறியபின் பல்லை உடைப்பதையும், அடுப்பில் காட்டியதும் கம்பியாய் இழுபடுவதையும் பார்த்திருக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிய சாஸ்திரம் அல்ல. இரண்டாவது குணம், எண்ணெய் வகைக்குப் பணிவது. பலாப்பழம் நறுக்கும் முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோமே, அதே தத்துவந்தான். ஆக, சூடு, நிதானம், எண்ணெய் என்ற மூன்றையும் கொண்டு ஜயிக்க வேண்டிய விஷயத்தில் பலத்துக்கு வேலையே இல்லை.

ஆரம்பிக்கு முன் இரண்டு பரிசோதனைகள் அவசியம். கதவுக்கு முன்பே பட்டறையில் மறு வர்ணம் அடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜன்னல் ரப்பரின் ஓரத்தில் வர்ணத் துளி தெளித்திருந்தாலும், மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஓரிடத்தில் மட்டும் சரியாகப் பிடிக்காமல் வழுக்கினாலும், அங்கே டிங்கரிங் நடந்து பட்டி பூசியிருக்கிறது என்று ஊகிக்கலாம். அந்த வர்ணம் எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் பட்டையோடு வந்துவிடக் கூடும். அதோடு, பட்டையை வைத்தபடியே மறு வர்ணம் அடித்திருந்தால், எடுத்ததும் அடியில் பழைய நிறம் பல்லிளிக்கும். அத்தகைய கதவில், பட்டை உறுதியாக இருக்குமானால் அதைச் சும்மா விடுவதே புத்திசாலித்தனம். இரண்டாவது, பட்டைக்கும் பெயர்ப் பொறிப்புக்கும் பின்னால் முளைகள் உண்டா என்று பார்க்க வேண்டும். சில வண்டிகளில் பொறிப்பு பசையால் ஒட்டியிருப்பதோடு இரண்டு சிறு முளைகளால் தகட்டுத் துளையிலும் செருகியிருக்கும். பின்மூடியைத் திறந்து உள்பக்கம் பார்த்தால் தெரிந்துவிடும். துளை உள்ள பொறிப்பை எடுத்தால் துளைதான் மிஞ்சும்.

நம் வண்டியில் மறு வர்ணமும் இல்லை. பட்டையில் முளையும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை நன்றாகக் கழுவினோம். மணல் ஒட்டியிருக்கும் வண்டியில் எதைத் தேய்த்தாலும் அது உப்புக் காகிதம் தேய்ப்பதற்கு ஒப்பாகும். கழுவி உலர்ந்தபின், பட்டைக்கு மேலும் கீழும் வர்ணக்காரர்கள் உபயோகிக்கும் காகித டேப்பை ஒட்டினோம். கை தவறினாலும் அடி டேப்பின்மேல் விழும் அல்லவா?

அடுத்தபடியாகச் சூடு. இதற்கு நம் புதல்வியின் ஹேர் டிரையரை இரவல் வாங்கினோம். பட்டறைகளில் உள்ள வெப்பத் துப்பாக்கி என்ற யந்திரம் வர்ணத்தைக் கொப்புளிக்கச் செய்யும் அளவுக்குச் சுடக் கூடியது. பழக்கமில்லாதவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நலம். டிரையரை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல், அரை அடி நீளத்துக்கு முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று நிமிஷம் ஓட்ட வேண்டும். சூடு போதுமா என்பதற்கு உள்ளங்கையே கருவி. கை பொறுக்கும் சூடாக இருக்க வேண்டும்; கையை எடுக்கச் சொல்லும் சூடு கூடாது.

பிறகு ஆயுதம். இரும்பு எதுவும் கூடாது. காலாவதியான பாங்கிக் கார்டு ஒன்று நுனியைக் கிளப்பப் போதும். அதன்பின், தூண்டில் போடுகிறவர்கள் உபயோகிக்கும் நைலான் நரம்பில் ஒன்றரை முழம் எடுத்து, இரு முனைகளையும் சிறு கட்டைகளில் சுற்றிக்கொண்டு, பட்டைக்கும் கதவுக்கும் இடையில் கொடுத்து, ரம்பம் இழுப்பதுபோல் இப்படியும் அப்படியும் இழுக்க வேண்டும். நரம்பு நுரையைத்தான் அறுக்கும். அதுவும் வர்ணத்தை ஒட்டி அல்லாமல் பட்டையை ஒட்டியே போகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அரை அடி அறுத்ததும் நிறுத்தி, அடுத்த அரை அடியைச் சூடாக்க வேண்டும். வளையக் கூடிய பட்டையானால், கிளம்பிய நுனியை வெளிப்பக்கமாகப் பிடுங்காமல், கதவோடு ஒட்டினாற்போல் பின்னோக்கி மடித்து, எறும்பு ஊரும் வேகத்தில் இழுக்கலாம். ஜன்னல் வைஸர் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் மடிந்தால் முறிந்துவிடும். அதற்கு நரம்பு ஒன்றே வழி.

முதல் கதவுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. நமது சகதர்மிணி காப்பியுடன் வந்து பார்த்து, "பட்டறையில் ஒரு நிமிஷத்தில் எடுத்தார்களே!" என்றாள். நாம் இடது பின் கதவைச் சுட்டிக் காட்டினோம். வீட்டில் விவாதம் இவ்வளவு சீக்கிரம் முடிந்தது இதுவே முதல் தடவை.

*

பட்டை வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டால், கதவில் கறுப்பு நுரையும் பசையும் அட்டையாய் ஒட்டிக்கொண்டிருக்கும். இதை நகத்தாலோ பிளேடாலோ சுரண்டக் கூடாது. மறுபடி இளஞ்சூடு காட்டி, கட்டை விரலால் உருட்ட வேண்டும்; சப்பாத்தி மாவு கையிலிருந்து உருண்டு வருவதுபோல் உருண்டு வரும். துளைக்கும் யந்திரத்தில் மாட்டிச் சுழற்றும் ரப்பர்ச் சக்கரங்களும் கடையில் கிடைக்கின்றன. அவற்றை மெதுவான வேகத்தில், ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். இல்லாவிடில் உராய்வுச் சூடே வர்ணத்தைக் கெடுத்துவிடும்.

எஞ்சிய மெல்லிய பசைக்கு எண்ணெய் வைத்தியம். நம் வீட்டு அலமாரியில் ஜலதோஷத்துக்காக இருந்த நீலகிரித் தைலத்தை எடுத்தோம். இது பசையைக் கரைப்பதில் கைதேர்ந்தது. மண்ணெண்ணெயும் இந்தக் காரியத்தைச் செய்யும். ஆனால் நாற்றம் இரண்டு நாள் போகாது. எதுவானாலும் முதலில் கதவின் உள் ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு துளி தடவிப் பார்க்க வேண்டும். பிறகு துணியில் நனைத்து ஒற்றி, ஓரிரு நிமிஷம் ஊறவிட்டு, துடைத்து, உடனே சோப்பு நீரால் கழுவிவிட வேண்டும். ஜன்னல் ரப்பரில் படக் கூடாது, ரப்பர் உப்பிவிடும். வர்ணக் கடைத் தின்னர் பக்கம் போகவே வேண்டாம். அது பசையையும் கரைக்கும், பட்டறை வர்ணத்தையும் கரைக்கும். பெட்ரோலைத் தொடவே கூடாது. முக்கியமாக, தைலமோ எண்ணெயோ எடுக்குமுன் டிரையரை நிறுத்தி அப்புறப்படுத்திவிட வேண்டும். இவை எல்லாம் தீப்பற்றக் கூடியவை.

முதல் கதவைக் கழுவித் துடைத்தபோது, பட்டை இருந்த இடத்தில் இரண்டு அங்குல அகலத்துக்கு ஒரு வெண்மையான வரி தெரிந்தது. சுற்றியுள்ள வர்ணம் வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு படர்ந்தாற்போல் மங்கியிருக்க, பட்டை மறைத்த இடம் மட்டும் பாலைப்போல் பளபளத்தது. கீறல் இல்லை, கொப்புளம் இல்லை. தாயாரை அழைத்து வந்து காட்டினோம். அவர் அந்த வரியைக் கையால் தடவிப் பார்த்தார்.

"வண்டி வந்த அன்றைக்கு முழுக்க இந்த நிறமாகத்தான் இருந்தது" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வரியைச் சிலர் களங்கம் என்று நினைத்து மறு வர்ணத்துக்கு ஓடுகிறார்கள். அதற்கு அவசியமில்லை. பழைய காலத்து வெள்ளை, சிவப்பு போன்ற வர்ணங்கள் பலவற்றில் மேலே கண்ணாடிப் பூச்சு கிடையாது, நிறமே மேற்பரப்பு. வெயிலால் மங்கியது அதன் மேல் தோல் மட்டுந்தான். இதைச் சோதிக்க வழி உண்டு: மெல்லிய பாலிஷைத் துணியில் எடுத்துத் தேய்த்தால், துணியில் வண்டியின் நிறம் ஏறும். வெள்ளை வண்டிக்குக் கறுப்புத் துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும். நிறம் ஏறினால், மங்கிய தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, சுற்றுப்புறத்தையும் வரியின் நிறத்துக்கு அருகில் கொண்டுவரலாம். ஆனால் பாலிஷ் என்பதும் வர்ணத்தைச் சிறிது தேய்த்து எடுப்பதுதான். இரண்டு செய்தித்தாள் கனத்தை மறந்துவிடக் கூடாது. கதவின் மடிப்பு ஓரங்களில் வர்ணம் மிகவும் மெல்லிசாக இருக்கும். அங்கே கை வைக்க வேண்டாம். முடிந்ததும் மெழுகுப் பாலிஷ் ஒரு பூச்சு இட வேண்டும். வரி அடியோடு மறையாது. வெயிலில் நின்று கூர்ந்து பார்த்தால் தெரியும். தெரியட்டுமே!

துருப் புள்ளிகளைச் சுரண்டி, துருவை அடக்கும் பிரைமர் தடவி, அதன்மேல் சிறு தூரிகையால் வெள்ளை வர்ணம் தொட்டு வைத்தோம். பட்டறையில் பெயர்ந்த மாவிலைக்கும் அதே சிகிச்சை செய்தோம். தகட்டுக்குத் துரு வராது. ஆனால் அந்த இடம் ஐந்தடி தூரத்திலிருந்தே தெரிகிறது. அவசரத்தில் ஒரு நிமிஷத்தில் எடுத்த கதவு எது, அரைப் பகல் உட்கார்ந்து எடுத்தவை எவை என்று நம் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்காமலே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

புதிய பீடிங் ஒட்டலாமா என்று புதல்வி கேட்டாள். கதவு இடி படாமல் காக்க வேண்டும் என்ற அவள் தாத்தாவின் எண்ணத்தில் பிழை ஒன்றும் இல்லை. பிழை, ஒட்டியதை மறந்துவிடுவதில் இருக்கிறது. மழைக் காலத்துக்கு முன்பும் பின்பும் நுனிகளை விரலால் தட்டிப் பார்த்து, கிளம்பியிருந்தால் உடனே கவனிப்பவர்கள் தாராளமாக ஒட்டலாம். நாம் இப்போதைக்கு ஒட்டவில்லை. தெருவில் வண்டியைச் சற்று ஒதுக்கி நிறுத்துகிறோம். அடுத்த பதிவுப் பரீட்சை 2028-ல் வருகிறது.

நேயர்கள் வீட்டிலும் இத்தகைய பழைய வண்டி ஒன்று இருந்தால், இன்றே வெளியில் போய் பட்டையின் நுனியைத் தொட்டுப் பாருங்கள். அசைந்தால், பட்டறைக்குப் போகுமுன் வீட்டில் ஹேர் டிரையர் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.